மூன்றாவது குமிழ்

சென்ற வாரம் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், ஷிப்டு முடிந்த களைப்பில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அதிலிருந்து ஒரு கீச்சொலி. நூல்போலத் தொடங்கி, மேலே மேலே போய், பல்லின் வேருக்குள் இறங்கிய ஒலி. "காது பூடும்மா, கம்மி பண்ணு" என்றார் டிரைவர். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு விரலைக் கீழே இழுத்தாள். ஒலி அடங்கிவிட்டது, எனக்குள் அடங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பழைய சிந்தசைசரின் படம். இரண்டு பக்கமும் மரப்பலகை, நடுவே வரிசையாகக் குமிழ்கள், திருகாணித் துருவைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். மரமில்லாத மரம், திருக முடியாத குமிழ். அவள் விரல் மூன்றாவது குமிழின் மேல் இருந்தது.

என் அக்காவின் கணவரிடம் அப்படி ஒன்று இருந்தது, நிஜ மரத்தோடும் நிஜத் துருவோடும். மாமா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை மூடியபோது வாங்கி, கல்யாணப் போர்வையில் சுற்றி, குழந்தையை மடியில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஆர்மோனியம்போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கிற, மின்சாரத்தில் அலையெழுப்பி ஒலியாக்கும் அனலாக் பெட்டி அது. சுவிட்சைப் போட்டதும் பாடாது, சூடேற வேண்டும். அப்போது உள்ளிருந்து தூசி வறுபடுகிற ஒரு வாசனை வரும், மாமா அதை வாசிக்கும் எங்கள் கிறிஸ்தவச் சபையின் சின்னக் கோயிலில், ஆராதனைக்கு முன்னால் வாசனையே அதுதான். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். மின்விசிறிக் காற்று பட்டால் சுருதி நகரும். நேற்று வைத்த குரலை அது இன்றைக்கு நினைவில் வைத்திருக்காது, ஒவ்வொரு குமிழாகத் திருகித்தான் மீட்கவேண்டும். அதற்காக அக்காவின் நகப்பூச்சால் குமிழ்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தார். மூன்றாவது குமிழ் உடைந்துபோனதால் அதன் இடத்தில் இருமல் மருந்துப் புட்டியின் மூடி. அந்த மூடிதான் ஒலியின் கதவு. மூடினால் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும். திறக்கத் திறக்கக் கூர்மையாகும். முழுக்கத் திறந்தால் கீச்சிடும்.

வல்லம் வடகாலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வயல்கள் தொழிற்சாலைச் சுவர்களுக்குள் போனபின்னும் அறுப்பின் பண்டிகையை நாங்கள் விடவில்லை. கதிர்க்கட்டுக்குப் பதிலாகக் கேன்டீன் பிஸ்கட் பொட்டலங்களும் கடை அரிசி மூட்டையும் பீடத்தின்முன் வந்து உட்காரும், ஏலமும் நடக்கும், மாமா வாசிப்பார், நான் மேல்குரல் பாடுவேன். மற்ற நாளெல்லாம் அவர் ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப்பில். அந்த இரைச்சலுக்குக் காதில் செருகிக்கொள்ளப் பஞ்சுபோல ஒன்று கொடுப்பார்கள். ஒரு பக்கத்தைக் கழற்றிக் காலரில் தொங்கவிடுவது அந்த லைனில் எல்லோருக்கும் வழக்கம், பின்னால் பாரம் தூக்கிவரும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஹாரன் கேட்கவேண்டுமே. "ரெண்டையும் அடைச்சிக்கினா கால் மேல ஏத்திடுவான் இவன்" என்று மாமா கைகாட்டுகிற ஆள், எங்கள் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடும் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். மாமா மட்டும் இரண்டையுமே கழற்றிவிடுவார். அடைத்துக்கொண்டால் தலைக்குள் தன் மூச்சே இரைகிறது, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப்பார்க்க முடியவில்லை என்பது அவர் கட்சி. பாட்டுக்காகவே கழற்றினார்.

சில வருஷங்களாகவே பெட்டி கீச்சிட ஆரம்பித்திருந்தது. வயசாகிவிட்டது, உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். முன்வரிசைக் கிழவிகள் முக்காட்டைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் பாஸ்டர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார், புதுசாக ஒரு டிஜிட்டல் வாங்கிவிடலாம் என்று. மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. "இது போச்சுன்னா நானும் போயிடுவேன் பாஸ்டர். புதுசுக்குப் புது ஆள் பாருங்க" என்றார். விளையாட்டில்லை. ப்ரெஸ் ஷாப்பில் அவர் ஒரு டோக்கன் நம்பர், அந்தப் பெட்டியின் முன்னால்தான் அவருக்கு ஒரு முகம் இருந்தது. "ஆராதனை முடிஞ்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடுவோம். சபை சொல்லட்டும்" என்று பாஸ்டர் முடித்தார். கடைக்காரர் புதுசை ஒரு நாள் இரவல் கொடுத்தார்.

அந்த ஞாயிறு யாருமே வீட்டுக்குப் போகவில்லை. ஒரே மேசையில் இரண்டும். புதுசு கறுப்புப் பிளாஸ்டிக், ஒரு கையில் தூக்கலாம், சின்னத் திரையில் குரல்களின் பெயர்கள் ஓடின. வயலின், புல்லாங்குழல், கோயில் மணி, மழைச்சத்தம்கூட. "டிவி ரிமோட்ட இழுத்து நீட்டுனா மாதிரி கீது" என்றாள் அக்கா. ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் செல்போனில் விலை தேடிவிட்டுக் கூவினார். "மாமே! உன் ஓட்டப் பொட்டிக்கு மெட்ராஸ்ல அடிச்சுக்கிறானுங்க! இத்த வித்தா புதுசு மூணு வாங்கி, மிச்சத்துல சபைக்கே பிரியாணி போட்லாம்." அத்தனை பேரும் இருமல் மருந்து மூடியைப் புது மரியாதையோடு பார்த்தோம். மாமா மட்டும் சிரித்தார். "வெல தெரிஞ்சதும் தான்டா உங்களுக்குக் காது வந்துச்சு!"

முதலில் புதுசை வாசித்தார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மணிக்குரல் என்னைக் கலங்கடித்தது. பழசில் ஒரே சுரம் இரண்டாம் தடவை கொஞ்சம் தளும்பும், வேறாக இருக்கும். இதில் எத்தனை தடவை தொட்டாலும் அதே துளி, அதே வட்டம். ஆனாலும் என்ன தெளிவு! மாமாவின் விரல்கள் மேலே ஏறின. வலது ஓரத்துக்குப் போனதும் நின்றன. ஒரு கட்டையை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், பக்கத்துக் கட்டையை அழுத்தினார்.

"இதான் உங்க டிஜிட்டலா? ஓரத்துக் கட்ட எதுவுமே பேசல. டூப்ளிகேட் மாலு கட்டிட்டான்."

மணி தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகட்டில் பட்டுத் திரும்பியது. அவர் ஜெயித்த முகத்தோடு தன் பெட்டிக்கு நகர்ந்து, மூன்றாவது குமிழைத் திறந்தார். ஒலி கூர்மையாகி, ஊசியாகி, கீச்சிட்டு எழுந்தது. கிழவிகள் காதைப் பொத்தினார்கள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிற்று. அதற்கு நடுவில் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு மாமா சொன்னார்: "பாத்தியா, எவ்ளோ மெத்துனு கீது."

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்தான் போய் அவர் கையின் மேல் கை வைத்து மூடியை இறக்கினார். அந்த மனுஷன் முகத்தில் கேலியே இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கட்ட நல்லா தான் பேசுது மாமே" என்றார், ரொம்ப மெதுவாக. மாமா திரும்பிப் புதுசின் ஓரக் கட்டையை அழுத்தியபடி என்னைப் பார்த்தார். "உனக்குக் கேக்குதா, மச்சினி?" தலையாட்டினேன். அடுத்து பாஸ்டரைப் பார்த்தார். அவரும் ஆட்டினார். ஒவ்வொரு முகமாகப் போய்க் கடைசியில் அக்காவிடம் நின்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அழுத்திய விரலை எடுக்கவேயில்லை அவர். மணி தானாகத் தேய்ந்து நின்றது எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

எல்லோரும் போனபிறகு அந்தக் குமிழைக் குனிந்து பார்த்தேன். பழைய நகப்பூச்சுப் புள்ளி வெளிறிப்போய் நடுவில். அடுத்தது கொஞ்சம் வலப்பக்கம். அதற்கடுத்தது இன்னும் தள்ளி. கடைசிப் புள்ளி, ஈரம் போலப் பளபளப்பாக, விளிம்பில். கேட்காமல் போகப் போக அவர் கதவைத் திறந்துகொண்டே போயிருக்கிறார், நாங்கள் பெட்டியைப் பழித்துக்கொண்டே இருந்திருக்கிறோம். மூடியை அந்த வெளிறிய புள்ளிக்குக் கொண்டுவந்து ஒரு கட்டையைத் தொட்டேன். முதல் நாள் கேட்ட அதே கம்பளிக் குரல். பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

குன்றத்தூரில் காது டாக்டர் எந்தச் சுரம்வரை கேட்கிறது என்று ஒரு படம் போட்டுக் கொடுத்தார். இரண்டு காதின் கோடும் சமமாக வந்து, மேல்சுரங்கள் தொடங்கும் பாதியில் பாறை உருண்டதுபோல விழுந்திருந்தது. போனது திரும்பாது என்றார். சபை புதுசை வாங்கிற்று. மாமா கோபிக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து முன்வரிசையில், எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, அப்டியே பாக்குற? வோணும்னா டவுன்லோட் பண்ணிக்கோ. ஃப்ரீ தான்" என்றாள் ஆட்டோப் பெண். ஃப்ரீ! கல்யாணப் போர்வையில் சுற்றி வந்ததும், மூன்று புதுசின் விலை மதிப்புள்ளதும், இந்தப் பெண்ணின் கட்டைவிரலுக்குக் கீழே சும்மா கிடக்கிறது, வாசனை மட்டும் இல்லாமல். நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

மாமா ஓய்வுபெற்றதும் அக்காவும் அவரும் மகளோடு இருக்க ஓசூருக்குக் கிளம்பினார்கள். பெட்டியை விற்கவில்லை, அதே போர்வையில் சுற்றி டெம்போவில் தன் காலருகே வைத்துக்கொண்டார். அதற்குப்பின் போனில் அக்காவோடுதான் பேச்சு, அவரோடு நேரில் பேசியது அன்றுதான் கடைசி. அந்த ஞாயிறிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததை, டெம்போக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து திறந்து கேட்டேன்: "மாமா, இத்தினி வருஷம் நான் பாடுனது உங்களுக்குக் கேட்டுதா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கீழ பாடுனா கேக்கும். மேல போறப்போ உன் வாயப் பாத்துக்கினு தான் வாசிச்சேன், மச்சினி. பாட்டுன்னாலே பாதி கேக்குறது, பாதி பாக்குறதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."