எஸ்டேட் கோல்ஃப் மைதானத்தின் மூன்றாம் குழி மேடு

ஒரு மனிதரைப் புதைத்த இடத்தில் ஏறி நின்று கோல்ஃப் பந்து அடித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. நீங்களும் அங்கே போகக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த மார்ச்சில் கோவையிலிருந்து நானும் நண்பர் ரங்கசாமியும் ஊட்டிக்குப் போனோம். நான் லேத் பட்டறை நடத்தியவன். கோல்ஃபை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே கற்றேன். காலை ஒன்பது மணிக்குப் பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம், கட்டணம் இல்லை. வெள்ளைக்காரர்களின் கல்லறைகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் நடந்தோம்.

அங்கிருந்து கூடலூர் சாலையில் ஒன்றேகால் மணி நேரம். டாக்சி போகவர 2,200 ரூபாய். நடுவட்டம் தாண்டி ஒரு எஸ்டேட் பங்களா இப்போது விடுதியாகியிருக்கிறது. தேயிலைக்கு நடுவே ஒன்பது குழி மைதானம், மட்டையோடு ஆளுக்கு 1,200 ரூபாய்.

மூன்றாம் குழிக்குப் போகும் வழியில் ஒரு சிறு மேடு. உயரத்திலிருந்து அடித்தால் பந்து தூரம் போகும் என்று ஏறினேன்.

"ஏனுங்க, மேட்டுல ஏறுனா மட்டும் பந்து குழிக்குப் போயிருமா? அது நேரா உங்க ஊட்டுக்குத்தான் போவும்" என்றார் ரங்கசாமி.

வீம்புக்கு இரண்டு பந்து கூடுதலாக அடித்தேன். பந்தை நிறுத்தும் குச்சியை ஒவ்வொரு முறையும் அந்த மண்ணில் குத்தினேன். திரும்பியபோதுதான் தேயிலையோரம் ஓர் அம்மா சாமந்திப் பொட்டலத்தோடு நிற்பதைப் பார்த்தேன்.

"நீங்க வெளயாடி முடிங்க தொர. நான் நிக்கிறேன். எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு."

இறங்கினேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர் அவர். சொன்னார்: "சிலோன்லருந்து வந்த நாள்லருந்து லயத்து ஆளுங்கள இங்கதான் பொதைச்சோம். மத்ததெல்லாம் மட்டமாக்கிட்டாங்க. இதையும் மழைக்கு முந்தி எடுக்கப் போறாங்களாம். நாங்க கேட்டா காதுல வாங்க மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தொர."

அப்படியானால் அதுவரை எதன் மேல் நடந்து வந்தோம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மேலாளரிடம் போனேன். "அந்த மேடு ரெக்கார்டுல இல்லைங்க சார். வேணும்னா இன்னொரு ரவுண்டு ஃப்ரீயா ஆடிக்குங்க" என்றார். கத்தினேன். "வாங்க, இதென்ன நம்மூட்டுப் பிரச்சனையா?" என்று ரங்கசாமி இழுத்தார். நானும் காரில் ஏறிவிட்டேன். மேட்டில் ஏறியதைவிட எனக்கு இதுதான் அதிக வெட்கம்.

போகிறவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் பனிமூட்டம். இனி நடக்க வேண்டியவை இவை. மண் அள்ளும் வேலையை மேலாளர் நிறுத்த வேண்டும். வருவாய்த் துறையினர் வந்து லயத்து மக்கள் காட்டும் இடமெல்லாம் அளந்து பதிய வேண்டும். பயணிகள் மட்டையைக் கையில் வாங்குமுன், இங்கே யாரைப் புதைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை பணம் கட்டக் கூடாது. வருவாய்த் துறையிடம் சாட்சி சொல்ல ரங்கசாமி என்னோடு வர வேண்டும், இன்னும் சம்மதிக்கவில்லை. மேலாளரிடம் போகுமுன் அந்த அம்மாவிடம் என் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். மண் அள்ளும் வண்டி எந்த நாள் வரும் என்று அவர் சொன்னால் போதும். மேட்டின் மேல் அல்ல, அதற்கு முன்னால் உட்கார வேண்டியவன் நான்.