யூனோ கோயிலில் ஒரு நீலச் சுவர்

இயோலே அக்கா மேலே ஏற மாட்டாள். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மேலே என்றால் குன்றின் உச்சி. அங்கே யூனோ தேவியின் கோயில் இருக்கிறது. கூரையும் சுவரும் போய், ஒரு கல்மேடையும் சில தூண்களும் மட்டும் மிஞ்சிய பழைய ரோமானியக் கோயில். ஈஸ்டர் திங்களன்று ஊரே கூடையும் ஒயினுமாக அங்கே சாப்பிடப் போகும். அக்காவின் புருஷன் ஒரேஸ்தே அண்ணனுக்கு அங்கேதான் காவல் வேலை. ஆனாலும் அவள் போக மாட்டாள். கேட்டால், "முழங்கால் வலி" என்பாள். முப்பது வயதிலும் அதையேதான் சொன்னாளாம்.

என் பெயர் வாண்டா. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில் குடியிருந்தவள். அவர்கள் சண்டையும் எனக்குக் கேட்கும், சண்டைக்குப் பின் வரும் மௌனமும் கேட்கும்.

போருக்கு முன்னால் அங்கே கோயில் இருப்பது யாருக்கும் தெரியாது. உச்சி முழுக்க வீடுகள், ஒன்றின் முதுகில் ஒன்று. தூண்கள் எல்லாம் வீட்டுச் சுவர்களுக்குள் புதைந்து கிடந்தன. அங்கேதான் அக்காவின் பழைய வீடும் இருந்தது. பட்டாளத்துக்குக் கூப்பிட்டபோது, கிளம்புவதற்கு முன் ஒரேஸ்தே அண்ணன் படுக்கையறைக்கு வெள்ளையடித்தார். திராட்சைக் கொடிக்குத் தெளிக்க வைத்திருந்த மயில்துத்தத்தைச் சுண்ணாம்பில் கலக்கியதால் அறை முழுக்க நீலமானது. மகள் மிரெல்லா அப்போது கைக்குழந்தை.

அவளுக்கு ஐந்து வயதாகும்போது விமானங்கள் வந்தன. குழந்தைக்குக் காய்ச்சல். தூங்கட்டும் என்று விட்டுவிட்டு அக்கா தண்ணீர் எடுக்கக் கீழே ஊற்றுக்கு இறங்கியிருந்தாள். புழுதி அடங்கியபோது தெருவைக் காணோம். தெரு இருந்த இடத்தில் தூண்கள் நின்றன. ஜனங்கள் வாயைப் பிளந்து அவற்றைப் பார்த்தார்கள். அக்கா கையாலேயே கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

போர் முடிந்து, சிறைமுகாமிலிருந்து அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "குட்டி எங்க?" என்று கேட்டார். "மேல போகாத" என்றாள் அக்கா. அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "அவளைப் பத்தி இந்த வீட்டுல ஒரு பேச்சு எடுத்தே, நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

சில வருஷம் கழித்து, வீடுகளைத் திரும்பக் கட்டப்போவதில்லை, கோயிலைத் தோண்டி எடுக்கப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணன் போனார்.

அன்றைக்கு மாடியில் பாத்திரம் உருண்டது. "உலகத்துல உனக்கு வேற வேலையே கிடைக்கலியா? எம் புள்ள படுத்திருந்த மண்ண நீயே அள்ளிக் கொட்டப் போறியா?"

"யாரோ அள்ளிக் கொட்டறதுக்கு நானே அள்ளறேன்" என்றார் அவர். அவ்வளவுதான்.

தோண்டி முடிந்ததும் அவரையே காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். "குண்டு விழலேன்னா இந்தக் கோயில் வெளிய வந்திருக்காதுங்க" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார். ரொட்டிக்கடையில் யாரோ இதை அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள். "பிள்ளைத்தாச்சிகளைக் காப்பாத்தற சாமியாம் அது! நல்லாக் காப்பாத்துச்சு" என்றாள் அவள். அன்றிலிருந்து அவருக்கு மேஜையில் சூப்பு வைத்துவிட்டு, அடுப்பருகே நின்றபடி தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பல வருஷம் அப்படியே ஓடியது.

ஓய்வு பெறும் வருஷம் அண்ணனுக்கு நெஞ்சு வலி கண்டது. ஒரு காலையில் என் கதவைத் தட்டினார். "வாண்டா, நான் கூப்பிட்டா வர மாட்டா. நீ சொல்லு. ஒரே ஒரு தடவ."

திட்டு வாங்கத் தயாராகத்தான் மாடியேறினேன். "நெஞ்சு வலியோட வந்து கேக்கறாருக்கா, ஒரே ஒரு தடவ" என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஷூவை மாட்டினாள். "நீயும் வா" என்றாள்.

அவர் எங்களைத் தூண்களின் பக்கம் கூட்டிப்போகவில்லை. மேடையைச் சுற்றிப் பின்பக்கம் போய், தடியால் செந்தட்டிச் செடிகளை விலக்கினார். மேடையின் கருங்கல் பக்கச்சுவரில், ஒரு போர்வை அளவுக்கு நீலம் ஒட்டியிருந்தது.

"சுரண்டிடு, சுரண்டிடுன்னு ஆபீசருங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மழை போகட்டும், திருவிழா போகட்டும்னு நானும் தள்ளிக்கிட்டே வந்தேன்."

அக்கா உள்ளங்கையை அதில் பதித்தாள். "இங்கதான் கட்டில்."

"தெரியும்."

சட்டென்று திரும்பி அவர் மார்பில் ஓங்கி அடித்தாள். "இத்தன வருஷமா நீ மட்டும் பாத்துக்கிட்டு இருந்தியா? தினமுமா? கீழ நான் ஒண்ணுமே இல்லாம கிடந்தேனே, மனுஷா!"

"பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"நான் சொன்னா நீ கேட்டுக்கணுமா?"

பார்க்க வந்த ஒருவர் போட்டோ எடுக்க வேண்டும், அந்த அம்மா கொஞ்சம் நகர்வார்களா என்று என்னிடம் கேட்டார். அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

"குண்டு விழுந்தது நல்லதுன்னு பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னியாமே" என்றாள் அக்கா.

"நல்லதுன்னு சொல்லலடி. அவ சும்மா போயிட்டான்னு என்னால நினைக்க முடியல. எதுக்காகவோ போனான்னு வெச்சுக்கிட்டேன்."

"எதுக்காகவும் இல்ல. சும்மாதான் போனா. காய்ச்சலோட, என்னைக் காணோமேன்னு தேடிக்கிட்டே போனா."

அவர் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தடியைக் கீழே வைத்தார். "இயோலே, நான் பட்டாளத்துக்குப் போறப்ப அவளுக்குப் பேச்சே வரல. அவ பேசி நான் கேட்டதே இல்ல. அவ குரல் எப்படி இருக்கும்?"

அக்காவின் முகம் அப்படி உடைந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் தன்னிடம் கேட்க நினைத்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கரகரன்னு இருக்கும், ஆம்பளப் புள்ள மாதிரி. 'ர' வராது. உன் பேரக் கேட்டா 'ஒலேஸ்தே'ன்னுவா."

"ஒலேஸ்தே" என்று சொல்லிப் பார்த்தார் அவர். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது.

அந்தக் கோடை முழுக்க மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. முக்கால்வாசி அக்காவின் குரல்தான். நடுநடுவே "அப்புறம்?" என்று அவர். சில நாள் அழுவார்கள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். மேஜையில் இரண்டு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் எனக்கே நிம்மதியாக இருக்கும்.

திராட்சை பறிப்பு ஆரம்பித்த வாரத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அக்கா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். சூப்பு ஊற்றி வைத்தேன். கரண்டியைக் கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள்.

"அவருக்கு நான் பாதிகூடச் சொல்லலடி, வாண்டா" என்றாள். "அவளோட மூணு வயசு வரைக்கும்தான் வந்திருந்தேன்."