கல்யாண பஸ்ஸில் கடலுக்கு

என் வீட்டுக்காரர் கஞ்சன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். சோற்றிலும் துணியிலும் அவர் கையை இறுக்கியதே இல்லை. தீபாவளிக்கு நான் கைகாட்டிய சேலைதான். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் நேரம் வந்தால் மட்டும் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பல் பிடுங்க வாயைத் திறந்து வைத்திருப்பவர் மாதிரி இருக்கும்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார். எண்பதுகளின் தொடக்கம் அது. டீசல் விலை ஏறுகிறது என்று பேப்பரில் போட்டால், பின்னாலேயே பஸ் சார்ஜும் ஏறும். பஸ் சார்ஜ் ஏறினால் எங்கள் வீட்டில் ஊருக்குப் போக ஒரு புது வழி பிறக்கும். திருச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். எங்கள் ஊரிலிருந்து நேராக பஸ் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் போதும். இவரோ எங்களை அரியலூருக்குக் கூட்டிப்போவார். அங்கேதான் ரயில் உண்டு, பாசஞ்சர் வண்டியில் டிக்கெட் குறைவு. தெற்கே போவதற்குக் கிழக்கே கிளம்புகிற குடும்பம் ஊரிலேயே எங்களுடையது ஒன்றுதான்.

அரியலூர் வரைக்கும் பஸ்ஸுக்குக் காசு வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்யும். பெரம்பலூரில் சிமெண்டு மூட்டையை இறக்கிவிட்டு அரியலூருக்கு வெறுமனே திரும்பும் லாரி ஒன்றின் டிரைவர் இவரிடம் படித்தவர். "வாத்தியாருகிட்ட காசு வாங்குவனா?" என்று அவர் மரியாதையாகச் சொன்னதை இவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அந்த லாரியில் ஏறி, அப்புறம் ரயிலில் ஏறி, காலையில் கிளம்பியவர்கள் பொழுது சாயும்போது அக்கா வீட்டு வாசலில் நிற்போம். தலை, புருவம், கையில் பிடித்திருக்கும் வெற்றிலைப் பாக்குப் பை எல்லாம் சிமெண்டு. "ஏன்டி, கட்டட வேலைக்கா போயிட்டு வரே?" என்றாள் அக்கா ஒரு தடவை. இவர் என்னை முந்திக்கொண்டு, எவ்வளவு மிச்சம் என்று அவளுக்கு விளக்கம் சொன்னார்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதுதான். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. அது கடல்.

நான் பூலாம்பாடியில் பிறந்தவள். பக்கத்தில் மலை உண்டு. தண்ணீர் என்றால் கிணறு, மழை நன்றாகப் பெய்த வருஷம் ஏரி. கல்யாணமான புதிதில் ஒருநாள் இவர், "ஒனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். நகை கேட்பேன் என்று பயந்துகொண்டேதான் கேட்டிருப்பார், பாவம். "கடலப் பாக்கணுங்க" என்றேன். "அவ்ளோதானா? வர்ற லீவுக்கே போயிட்டு வருவோம்" என்றார். சொன்னதோடு விடவில்லை. அலை எப்படி ஆள் உயரத்துக்கு எழும்பும், பின்வாங்கும்போது காலடியில் இருக்கும் மண்ணை எப்படி உருவிக்கொண்டு போகும், தூரத்தில் கப்பல் எப்படிப் புள்ளியாகத் தெரியும் என்று ராத்திரிச் சோறு ஆறிப்போகும் வரை சொன்னார். எனக்கு அன்றைக்கே காலெல்லாம் நனைந்த மாதிரி இருந்தது.

அந்த லீவில் போகவில்லை. "பஸ் சார்ஜ் ஏறிப்போச்சு புள்ள. கொஞ்சம் எறங்கட்டும்" என்றார். அடுத்த லீவிலும் அதே பேச்சு. அதற்கடுத்த லீவிலும். மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடத்திலும் சேர்ந்துவிட்டாள். நாங்கள் மட்டும் சார்ஜ் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அக்கா வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்து மகளிடம் ஒரு சின்னச் சங்கைக் கொடுத்து, "காதுல வெச்சுப் பாரு, கடலு கேக்கும்" என்றாள். மகள் அதை என்னிடமும் நீட்டினாள். நான் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஏங்க, ஏறினது எதுங்க எறங்கியிருக்கு? அரிசி எறங்குச்சா, மண்ணெண்ண எறங்குச்சா?" என்று கேட்டேன். "இந்த லீவுல கடலப் பாக்கலைன்னா இனிமே அந்தப் பேச்சே இந்த வூட்டுல வேண்டாம். நானும் கேக்க மாட்டேன், நீங்களும் அலை கிலைன்னு கதை சொல்லக்கூடாது." விளையாட்டாகச் சொல்லவில்லை. இனிமேல் எதையும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சிரித்த முகமாக வந்தார். வாலிகண்டபுரத்தில் ஒரு வெங்காய வியாபாரி. அவர் பிள்ளைகளுக்கு இவர் பாடம் சொல்லிக்கொடுத்தவர். மூத்த பிள்ளைக்கு நாகப்பட்டினத்தில் பெண் எடுக்கிறார்கள், கல்யாணமும் பெண் வீட்டிலேயே. மாப்பிள்ளை வீட்டார் போக பஸ் பேசியிருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் எங்களுக்கும் இடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"முகூர்த்தம் காலைல. சாப்பாடு முடிஞ்சா நாம பாட்டுக்குக் கடலுக்குப் போயிடுவோம். சாயங்காலம் அதே பஸ்ஸு. போகவர ஒரு பைசா செலவில்ல, மொய் மட்டுந்தான்" என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் குரலே மாறிவிட்டது. எனக்கும்தான். மகளுக்குப் புதுப் பாவாடை தைத்தேன்.

பஸ் இரவே கிளம்பியது. அரியலூர், ஜெயங்கொண்டம், அணைக்கரை, கும்பகோணம் என்று எல்லா ஊரையும் தூங்கிக்கொண்டே தாண்டி, விடிவதற்கு முன் கல்யாண வீட்டு வாசலில் இறங்கினோம். இருட்டில் எங்கிருந்தோ ஒரு இரைச்சல். விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க அது சத்தம்?"

இவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ரைஸ் மில்லு. நெல்லு வெளையிற சீமை பாரு, ராத்திரியும் ஓட்டுறான்" என்றார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தாலி கட்டியாயிற்று. மொய் எழுதியாயிற்று. கொடுத்ததற்கு ஈடாக இவர் பாயசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு, "கெளம்பலாங்களா?" என்று கேட்கிறேன், அதற்குள் வெங்காய வியாபாரி பந்தலில் நின்று சத்தம் போடுகிறார். "எல்லாரும் பஸ்ல ஏறுங்கப்பா! வெளக்கு வைக்கிறதுக்குள்ள பொண்ணு நம்ம வூட்டுல கால் வெக்கணும்!"

சாயங்காலம்தான் பஸ் என்று சொன்னாரே! இவரோ என் முகத்தைப் பார்க்காமல் தோள் துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். கடல் போனால் போகட்டும், இடம் போய்விடக்கூடாதே! ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேருக்கு இடம் பிடித்துவிட்டு, ஜெயித்த மாதிரி திரும்பி வந்தார்.

மகள், "அப்பா, கடலு எங்கப்பா?" என்று கேட்டாள். "அடுத்த தடவ, கண்ணு" என்றார். அதைக் கேட்டதும் என் மனசு சுத்தமாக விட்டுப்போயிற்று.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறப் போனால், உள்ளே வேறொரு ஊரே உட்கார்ந்திருந்தது. மணப்பெண், பெண்ணுக்குத் துணையாக வரும் அத்தை, சித்தி, தோழிப் பெண்கள், அவர்கள் பிள்ளைகள். மேலே கட்டிலும் பீரோவும் கட்டியாயிற்று, அங்கே ஏறாத அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் சீட்டில். எங்கள் மூன்று பேர் இடத்திலும் பித்தளைச் சாமான் நிறைந்திருந்தது. இவருடைய துண்டு, குத்துவிளக்கில் கீறல் விழாமல் இருக்க அதைச் சுற்றிக் கட்டியிருந்தது.

வெங்காய வியாபாரி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு வூட்டு சனம் இவ்ளோ பேரு வருவாங்கன்னு தெரியல. நீங்க ரூட்டு பஸ்ல வந்துடுங்க. சொந்தக்காரங்கள எறக்கிவிட்டா பெரிய சண்டையாயிடும்." அவர் பேசியதில் தப்பே இல்லை. துண்டை அவிழ்த்து வாங்கிக்கொண்டு இறங்கினோம். பஸ் போய்விட்டது.

வாசலில் மூன்று பேரும் நின்றோம். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஏங்க, பொண்ணு எடுத்துட்டுத் திரும்புற பஸ்ஸுல எடம் இருக்குமா? நம்ம கல்யாணம் மறந்துபோச்சா? பூலாம்பாடிலேந்து ஒங்க தா.பழூருக்கு நான் வந்த பஸ்ஸுல ஒங்க சித்தப்பாவுக்கு எடமில்லன்னு வுட்டுட்டு வந்தீங்களே. அவரு ஒரு வருசம் நம்ம வூட்டு வாசப்படி மிதிக்கல!"

இவர் யோசித்தார். "அட, ஆமால்ல" என்றார். அந்த "ஆமால்ல"வுக்கு என்ன சொல்வது? போகும்போது மிச்சமாகும் காசை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, திரும்பும்போது பஸ்ஸில் ஒரு மணப்பெண் இருப்பாள் என்பது தோன்றவே இல்லை.

"சரி வா, பஸ் ஸ்டாண்டு போவோம். கையில இருக்குறது ஊருக்குத்தான் சரியா இருக்கும்."

"நான் வரல" என்றேன். "டிக்கெட்டுக்குக் காசு எப்படியும் போகுது. அது இப்பப் போனா என்ன, சாயங்காலம் போனா என்ன? கடலப் பாக்காம நான் இந்த ஊர வுட்டு நகர மாட்டேன்." நடுத்தெருவில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

அந்தப் பக்கமாகக் காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா போனார். "ஏங்க, கடலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தா, சத்தம் கேக்கலியா? அதப் பாத்துப் போ தாயி" என்றார்.

கேட்டது. காலையில் ஓடிய அதே ரைஸ் மில்!

நான் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். தெரு முடிந்து மணல் வந்தது, மணல் மேடு வந்தது, அதன்மேல் ஏறியதும் அது தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. மகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நானும் அவள் பின்னாலேயே ஓடிப்போய்த் தண்ணீரில் நின்றேன். அலை திரும்பும்போது காலடி மண் நிஜமாகவே உருவிக்கொண்டு போயிற்று.

"வாங்க!" என்று கத்தினேன். இவர் வரவில்லை. எங்கள் செருப்புகளையும் தன் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு காய்ந்த மணலிலேயே நின்றார். நான் கிட்டே போனேன். கண்ணை எடுக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?" என்று கேட்டார்.

"நீங்க இதுக்கு முன்னாடி பாத்ததில்லையா?"

"வாத்தியார் டிரெய்னிங் ஸ்கூல்ல கடலுக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க. காசு கட்டணும்னாங்க, வூட்டுல கேக்குற மாதிரி நெலம இல்ல. நான் ஆஸ்டல்லயே இருந்துட்டேன். போயிட்டு வந்த பசங்க சொன்னதக் கேட்டுக்கிட்டேன்."

ஆள் உயர அலையும், காலடி மண்ணும், புள்ளிக் கப்பலும், அத்தனையும் யாரோ சொல்லிக் கேட்டது.

"அப்ப ஏங்க வருசா வருசம் தள்ளிப் போட்டீங்க? ஒங்களுக்கும் ஆசைதானே?"

"எறங்கும்னு நெசமாவே நெனச்சேன் புள்ள" என்றார்.

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் வாயில் தயாராக இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். "வேட்டி, வேட்டி!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஒரு பெரிய அலை வந்து இடுப்பு வரைக்கும் நனைத்தது. கை நழுவிச் செருப்பெல்லாம் விழுந்தது. மற்றதை மகள் பொறுக்கிவிட்டாள். இவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் ஆடி ஆடி உள்ளே போயிற்று. புதுச் செருப்பு அது, பொங்கலுக்கு வாங்கியது. பதறிக்கொண்டு பின்னால் ஓடப்போகிறார் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அது போவதைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

ஊருக்கு ஈர வேட்டியோடும் வெறுங்காலோடும்தான் வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் தொகையைச் சொல்லிவிட்டு, "போன வாரந்தான் ஏத்துனாங்க சார்" என்று தானாகவே சமாதானம் சொன்னார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பல் பிடுங்கும் முகம் வரவில்லை.

"பரவால்ல, குடுங்க. இன்னும் ஏறுறதுக்குள்ள ராமேஸ்வரமும் பாத்துடணும்" என்று சொல்லி முழு டிக்கெட் இரண்டும் அரை டிக்கெட் ஒன்றும் வாங்கினார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மனசு மாறி, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?