அக்கா வரைந்த அடுத்த வாரம்

பழைய ஞாயிற்றுக்கிழமைப் படக்கதைகளைத் தொகுத்து மறுபதிப்பு போட்டிருக்கிறார்கள். நேற்று வாங்கிவந்து புரட்டியவன், அதில் ஒரு கதையின் நாயகனான மாலுமி கடலில் விழும் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்து டீக்கடையில் சிறுவயதில் வாராவாரம் அந்தக் கதையைப் படிப்பேன். அவன் விழுந்ததற்கு அடுத்த வாரம் பெருமழை. பஸ் வரவில்லை, பேப்பரும் வரவில்லை. அவன் செத்துப்போய்விட்டான் என்று அழுதேன்.

அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற என் அக்கா, மழை விட்டதும் அடுப்புக்கரியை எடுத்தாள். தார் பூசுவதற்காகக் கரையேற்றியிருந்த நைனாவின் படகில் அவனை வரைந்தாள்.

“எதுக்குடா அழுவுற? இடுப்பளவு தண்ணிதான். கால ஊனுனா நின்னுக்குவான்.”

நின்றான். தலைமுடியில் தண்ணீர் சொட்டச்சொட்ட எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

நைனா வந்தார். அடி விழும் என்று ஒதுங்கினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, உசுரோட நிக்கிறானே!” என்றார். தார் பூசும்போது அவன் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

இன்று காலைதான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பெரிய கப்பல் ஒன்று வந்து அவனைக் காப்பாற்றுகிறது. அழகான கப்பல்தான். ஆனாலும் நான் நம்பவில்லை.