மழை நாளில் பறிபோன கார்த் திறப்பு

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் கற்பித்தவன். கடல் கடந்து ரோவில் நகரில் குடியேறிய பின்னும் விபத்தின்றிக் கார் ஓட்டுபவன். சென்ற குளிர்காலத்தில், கொட்டும் மழையில், நண்பர் கந்தையாவைக் கோயிலுக்கு ஏற்றிச் சென்றேன். முன்கண்ணாடியின் உட்புறம் திடீரென்று பனிமூட்டம் போலப் புகார் படர்ந்து வெளுத்தது. ஏசியைப் போட்டும் விலகவில்லை. பாதை தெரியாமல் நடைபாதையில் ஏறிய கார், குழந்தையின் தள்ளுவண்டி ஒன்றுக்கு அருகில் நின்றது.

கோயிலில் கந்தையா எல்லோரிடமும், "மாஸ்டருக்குக் கண் தெரியேல்லை. இனி அவரோட வாறதெண்டால் நேர்த்திக்கடன் வைச்சிட்டுத்தான் ஏறவேணும்" என்று சிரித்தார். அதைக் கேள்விப்பட்ட என் மருமகன் அன்றே கார்ச் சாவிக்குக் கை நீட்டினார்.

"மாமா, திறப்பைத் தாங்கோ."

"முதல்ல ஏசியில காஸ் ஒழுகுதோ எண்டு பாருங்கோ. பிறகு என்ர கண்ணைப் பாக்கலாம்!" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன்.

கராஜில் மெக்கானிக்குகள், குளிரூட்டும் வாயுவான காஸைச் சாயம் கலந்து நிரப்பி, ஏசியை ஓடவிட்டு, புறஊதா விளக்கைப் பிடித்தார்கள். குழாய் மூட்டொன்று பச்சையாக ஒளிர்ந்தது. காஸ் கசிந்துபோனதால் உள்ளிருந்த ஈரத்தை ஏசியால் அகற்ற முடியவில்லை. குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று நான் அன்றுவரை அதைத் தொடாதிருந்ததால் பழுது தெரியவில்லை. இப்போது குளிரிலும் வாரந்தோறும் இயக்குகிறேன். குளிர்ச்சி குறைந்தால் உடனே கசிவைச் சோதிப்பிக்கிறேன்.

திறப்பு என்னிடம் திரும்பிவிட்டது. கந்தையாவோ இன்னும் அதே கதையைச் சொல்லித் திரிகிறார். அது பொய். மங்கியது கார்க் கண்ணாடி. என் கண் அல்ல.