முனியம்மாவுக்குச் சொன்ன சரி

நேற்று மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசியது நான், அவன் "ம்" கொட்டினான். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் டக் டக்கென்று கேட்டபடி இருந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் என்ன பெரிய தூரம், ஒருநாள் வந்துவிட்டுப் போடா என்றேன். "சரிப்பா" என்றான். எதற்குடா சரி என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்த டக் டக் என்னைப் பழைய தபாலாபீசுக்குக் கொண்டுபோய்விட்டது. ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் எனக்குக் குமாஸ்தா வேலை. தொழிற்சாலை ஒன்றுகூட எட்டிப் பார்க்காத சின்ன ஊர் அது. காலை முழுக்கக் கடிதங்களில் முத்திரை குத்தும் சத்தம்தான். மூலையில் ஒரு கறுப்பு டெலிபோன், ஊருக்கெல்லாம் பொது. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் கிடைத்ததும் போஸ்ட்மாஸ்டர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிடுவார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். கார்டு வாங்க வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கன்னடத்தில் ஏதோ வழக்கடித்துக்கொண்டிருந்த, பக்கத்துத் தளி ஊர்க்காரர்கள் பாதியில் விட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டு விஷயம் காதில் விழுகிறதே என்ற கூச்சத்தில் சுவரைப் பார்த்து நிற்பார்கள். லைன் மோசமென்றால் ரிசீவரை நான் வாங்கி, அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமாகக் கத்த வேண்டும். பதிலையும் கேட்டுச் சொல்ல வேண்டும். என் தொண்டைக்கு அன்றைக்கு ஊரில் நல்ல மரியாதை.

அந்த ஆபீசுக்கு இன்னொரு அடையாளம் அரக்கு உருகும் வாசனை. தபால் பைகளைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்துத்தான் பஸ்ஸில் ஏற்றுவோம். இன்றும் அந்த வாசனை பட்டால் முனியம்மா நினைவு வந்துவிடுகிறது.

முனியம்மா பக்கத்து மத்திகிரி மாட்டுப் பண்ணையில் புல் அறுப்பவள். அவள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு புருஷன் பெங்களூருக்குப் போய்விட்டான். அங்கிருந்து பம்பாய்க்கு மில் வேலைக்குக் கிளம்புகிறான் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தாள். அவன் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடையில் போன் இருந்தது; கடைக்காரரைவிட்டு அவனைக் கூப்பிட வைத்தோம். மழை நாள், அவள் காதில் வெறும் இரைச்சல். ரிசீவரை நான் வாங்கினேன். போஸ்ட்மாஸ்டர் அன்று லீவு. வெளியே பெங்களூர் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, பை இன்னும் கட்டவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அரக்கை உருக்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிற கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

"உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அதற்குள் ஒரு சொட்டு அரக்கு விரலில் விழுந்து, என் கவனமெல்லாம் விரலுக்குப் போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றதற்கு அந்தப் பக்கம் அவன் "சரி" என்றான்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு."

அவள் முகம் மலர்ந்தது. ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிடம் முடிந்து லைனும் போய்விட்டது.

அன்று பிற்பகலே எதிரில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றாள். மறுநாளும் நின்றாள். பெங்களூர் பஸ் வரும்போதெல்லாம் படியருகே போய், இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் வேலையைக் கவனித்தேன். மூன்றாம் நாள் கவுண்டருக்கு வந்தாள்.

"ரயிலு ஏறறதுக்கு முன்னாடி ஒருதபா வந்து பாத்துட்டுப் போவச் சொன்னனே சார், அதுக்குத்தான சரின்னாரு?"

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது; அதை நான் அவனிடம் சொல்லவேயில்லை. பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப வேணும்னேதான் வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பம்பாயிலிருந்து அவளுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் கையால் தொடாமலே திருப்பிவிட்டாள் என்றார் தபால்காரர். உறையின்மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி அனுப்புவது என் வேலை. எழுதினேன். நான்காவது வரவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிக்குக் கிளம்பி, பாதி வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவ்வளவு பெரிய வீரன். பிறகு மாற்றலாகிப் போனேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பி விசாரித்தபோது அவள் உயிரோடு இல்லை.

அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. டிரங்க் கால் போயிற்று. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்ற அந்த மூன்று நிமிடமும் போயிற்று. மகன் சரி என்று சொல்லியிருக்கிறான். எதற்குச் சொன்னானோ தெரியாது. காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன்.