இரண்டு அங்குலம் விட்ட கோழிக்கூடு

என் அக்கா புருஷன் தையல்காரர். ஆளைப் பார்த்தாலே இடுப்பளவு சொல்லிவிடுவார். தெருவில் யாருக்காவது தொப்பை விழுந்தால், கட்டிய பெண்டாட்டிக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். அவர் தைத்த சட்டை எங்கும் தொங்காது, எங்கும் பிடிக்காது. அந்தப் பெருமை மனுஷனுக்குத் தலைக்கு மேலே. ஒரு விரற்கடை துணி வீணானாலும் அன்றைக்கெல்லாம் முகம் சுண்டிப்போய்விடும்.

வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் ஒரு முற்றம். அதில் பாதியைத் தகரக் கொட்டகை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடாத தையல் மெஷின் ஒன்றும், மூட்டை மூட்டையாகக் கட்பீஸ் துணியும் கிடந்தன. கேட்டால், "என்னிக்காவது உதவும்" என்பார். அந்த என்றைக்காவது இன்றுவரை வந்ததை நான் பார்க்கவில்லை.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அக்காவுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. மாமா பேசுவதெல்லாம் கழுத்தளவும் கையளவும்தான். ஒருநாள் அட்டைப்பெட்டியில் ஐந்து கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் அவள் குரலே மாறிவிட்டது. "ஏண்டி, நீ இன்னும் சாப்பிடலையா?" என்று முற்றத்தில் கேட்கும். என்னைத்தான் கேட்கிறாள் என்று நான் பதில் சொல்லி ஏமாந்திருக்கிறேன்.

கூடு நானே செய்கிறேன் என்று மாமா கிளம்பினார். என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வீட்டு வளர்ந்த கோழியைப் பிடித்து வந்து டேப் வைத்து அளவெடுத்தார்! கழுத்து, மார்பு, வால் வரைக்கும் நீளம். கோழி ஊரைக் கூட்டியது.

"கையளவு எடுக்கலையா மாமா?" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "சிரி, சிரி. குஞ்சு வளரும்னு எனக்குத் தெரியாதா? அதான் பெரிய கோழிக்கு அளவெடுக்கறேன்."

ஐந்து கோழிகள் நெருங்கி உட்கார்ந்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. அதற்கு மேல், தையலுக்கு விடுவதுபோல் சுற்றிலும் இரண்டு அங்குலம். பலகைகளை இழைத்து, ஆணி தெரியாமல் அடித்து, அழகாகத்தான் செய்தார். பார்த்ததும் அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"இதுங்க எழுந்து நடக்க வேணாமா? இறக்கைய விரிக்க வேணாமா?"

"வெளிய வந்து விரிக்கட்டும். கூடு உக்காரத்தானே?"

கோழிகள் வளர்ந்தன. அக்கா ஒன்றை அடைக்கு வைத்தாள். குஞ்சுகள் பொரிந்தன, அவையும் வளர்ந்தன. இப்போது இடம் எங்கே? "பிரிச்சு விட்டாப் போச்சு" என்று, இறுகிய சட்டையைத் தையல் பிரித்து விடுவதுபோல் மாமா ஒரு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டுப் பழப்பெட்டி ஒன்றை ஒட்டவைத்தார். அடுத்த முறை குஞ்சு பொரிந்ததும் இன்னொரு பெட்டி. கூடு ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி ஆயிற்று. உள்ளே குனிந்தால் நெடி கண்ணைக் கரிக்கும். இடம் பத்தாத கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. முதலில் வாங்கிய ஐந்தில் ஒன்று, வெள்ளைவெளேர் என்றிருக்கும். அக்கா அதைப் பவுடர்க்காரி என்பாள். அதற்கு முதுகில் இறகே இல்லாமல் போயிற்று. அக்கா மடியில் வைத்து மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கொட்டகையப் பிரிச்சுட்டு அங்க பெரிசா ஒண்ணு கட்டிக் குடுங்களேன். நான் உள்ள நிமிந்து நின்னு பெருக்கற மாதிரி. உங்ககிட்ட வேற என்னங்க கேட்டேன்?"

"கோழிக்குப் பங்களாவா? யூனிஃபார்ம் சீசன் முடியட்டும், பாக்கலாம்."

மாமா பார்க்கலாம் என்றால் அதோடு முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பொறுக்கவில்லை. "ஓடாத மெஷினுக்கு இருக்கற இடம் அக்கா கோழிக்கு இல்லையா மாமா?" என்று கேட்டே விட்டேன். "நீ உன் வீட்டப் பாரு" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது. அக்கா என்னைக் கவனிக்க என் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டாள். கிளம்பும்போது, "காலைல கோழியத் திறந்து விட்டுடுங்க, மறந்துடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

மாமா மறக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சீருடைத் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயப்போடுவார். தைத்த பிறகு சுருங்கக் கூடாதே. அன்று முற்றம் முழுக்க வெள்ளைத் துணி. கோழிகள் மண்ணைக் கிளறினால் எல்லாம் பாழ். துணி காயும் வரைதானே என்று அடைத்தபடியே விட்டார். கடையில் கூட்டம் சேர்ந்தது. வெயில் திரும்பிக் கூட்டின் மேல் நேராக விழுந்தது. நிழல் இருந்தது ஒரே மூலையில். அத்தனையும் அந்த மூலைக்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அவர் துணி எடுக்க வந்தபோது கூட்டில் சத்தமே இல்லை. பாதிக்கு மேல் போய்விட்டன. பவுடர்க்காரி அடியில் கிடந்தாள்.

சேதி கேட்டு நானும் அக்காவோடு ஓடினேன். கண்டபடி பேசிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும், பேச வந்ததை விட்டுவிட்டு அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கொஞ்ச நேரம்தானேன்னு..." என்றார்.

அக்கா பவுடர்க்காரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கேட்டேனேங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். மிஞ்சியவற்றைப் பால்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டைச் சுற்றித் திறந்த வெளி நிறைய உண்டு.

மறுவாரமே மாமா கொட்டகையைப் பிரித்தார். மெஷினைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். கோழி வளர்ப்பவர்கள் நாலு பேரிடம் போய், கோழி ஒன்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னதற்கும் மேலேயே விட்டுக் கட்டினார். சுற்றிலும் கம்பிவலை, குறுக்கே உட்காரக் கம்புகள், முட்டையிட வைக்கோல் பெட்டிகள், வெயில் பக்கம் தடுப்பு. கடையிலும் ஆள் மாறிவிட்டார். "என்னண்ணே, பையன் சட்டை இப்படித் தொளதொளன்னு இருக்கு?" என்று கேட்டால், "இருக்கட்டும்மா. வளர்ற பிள்ளை" என்பார். அந்தக் கையா இப்படித் தைக்கிறது என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

கூடு முடிந்த அன்று அக்காவைக் கூப்பிட்டார். அவள் உள்ளே போய் நிமிர்ந்து நின்றாள். கையை நீட்டிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை.

"இப்படித்தாங்க கேட்டேன்" என்றாள்.

மாமாவுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. ஓடிப்போய்க் கடை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஐந்து குஞ்சுகள் கீச்கீச்சென்றன. அக்கா ஒன்றைத் தொடக் கை நீட்டினாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "இதுங்களும் வளரும். மறுபடி இடம் பத்தாது, மறுபடி நான் கேக்கணும்."

கூட்டின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.